கைப்பிடிக்குள் இருக்கும் பெயர்

பழைய ஜப்பானிய வாளின் கைப்பிடியைக் கழற்ற ஒரு முறை இருக்கிறது. கைப்பிடியில் குறுக்காக ஒரு சின்ன மூங்கில் முளை செருகியிருக்கும். அதைத் தள்ளி வெளியே எடுத்துவிட்டு, இடது கையால் கைப்பிடியைப் பற்றி, வாளை மேல்நோக்கிக் கொஞ்சம் சாய்வாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு வலது கையை மடக்கி இடது மணிக்கட்டில் லேசாகக் குத்த வேண்டும். இரண்டு மூன்று குத்து போதும், அலகு மெல்ல எழும்பிக் கொடுக்கும். உள்ளே துருப்பிடித்த இரும்புத் தண்டு ஒன்று தெரியும். ஜப்பானியர் அதை நகாகோ என்கிறார்கள். அந்தத் துருவின் மேல்தான், மேலிருந்து கீழாக, உளியால் வெட்டிய எழுத்துகள் இருக்கும்.

வாள் யார் கைக்கு வந்தாலும், அந்த எழுத்துகளைப் பார்த்ததும் அடுத்து கேட்பது ஒன்றுதான்: இது யார் பெயர்? எழுத்து தெரிந்த ஒருவரிடம் காட்டினால் ஐந்து நிமிடத்தில் படித்துச் சொல்லிவிடுவார். ஆனால் பெயரைப் படிப்பதும் செய்தவரைக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாந்தவர்கள் ஜப்பானிலேயே நானூறு ஆண்டுகளாக உண்டு.

அந்தப் பெயர்ப்பொறிப்புக்கு ஜப்பானிய மொழியில் ‘மெய்’ என்று பெயர். தமிழ்க் காதில் விழும்போது அது ‘உண்மை’ என்று கேட்கிறது. பொய்யான பொறிப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ‘கிமெய்’. பொறிப்பே இல்லாத வாள் ‘முமெய்’. பெரிய கொல்லர்களின் பெயர் தாங்கிய வாள்களில் கிமெய்யானவை மிக அதிகம். “கோதெட்சுவைக் கண்டால் போலி என்று நினை” என்று ஒரு பழமொழியே அங்கே வழங்குகிறது.

இவ்வளவு போலி எதற்கு? விற்றுக் காசாக்க என்பது ஒரு பாதி. மறு பாதி, வாள் அங்கே மரியாதைப் பொருளாக இருந்தது. எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, பிரபுக்கள் ஒருவருக்கொருவர் வாளைப் பரிசாகக் கொடுப்பதும், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்குக் காணிக்கையாக வைப்பதும் முறையாக நடந்தது. கொடுப்பதற்கு நல்ல பெயர் உள்ள வாள் வேண்டும். நல்ல பெயர் உள்ள கொல்லர் தன் ஆயுளில் செய்தது கொஞ்சம்தான். அந்த இடைவெளியை உளி நிரப்பியது. ஆகவே பொய்ப் பெயர் வெட்டிய வாள் எல்லாமே மட்டமான வாள் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல கொல்லர் ஒருவர் செய்த நல்ல வாளின் மேல், அவரைவிடப் பெரியவரின் பெயர் ஏறியிருக்கும்.

இதனால்தான் தேர்ந்தவர்கள் பெயரைக் கடைசியில் பார்க்கிறார்கள். ஜப்பானில் வாள் பயில்வோர் கூடும் இடங்களில் ஒரு பயிற்சி உண்டு. சில வாள்களை நகாகோவை முழுக்க மூடி வரிசையாக வைத்துவிடுவார்கள். வந்தவர்கள் அலகை மட்டும் பார்த்து, செய்தவர் பெயரை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். சரியாகச் சொன்னால் ‘அதாரி’. நேரடி மாணவர், அண்ணன் தம்பி என்று கிட்டத்தட்ட ஒன்றேயான கையைச் சொல்லிவிட்டால் ‘தோசென்’, சரிக்குச் சமம். பல ஆண்டுகள் இப்படிக் கண்ணைப் பழக்கியவர்தான் பிறகு பெயரைத் திறந்து பார்க்கும்போது “இது பொருந்துகிறது”, “இது பொருந்தவில்லை” என்று சொல்ல முடியும்.

அவர்கள் முதலில் பார்ப்பது வாளின் உருவம். வாளைக் கை நீட்டிய தூரத்தில் நேராக நிறுத்தி, எங்கே வளைகிறது, எவ்வளவு வளைகிறது, அடியிலிருந்து நுனிக்குப் போகப் போக எவ்வளவு ஒடுங்குகிறது என்று பார்ப்பார்கள். உருவம் காலத்தைச் சொல்லும். குதிரை மேலிருந்து வெட்டிய காலத்து வாள் நீளமாக, கைப்பிடிக்குப் பக்கத்திலேயே ஆழமாக வளைந்து, சின்ன நுனியோடு இருக்கும். 14ஆம் நூற்றாண்டில் இரண்டு அரசவைகள் மோதிக்கொண்ட காலத்தில் 90 சென்டிமீட்டரைத் தாண்டிய ராட்சத வாள்கள் வந்தன. அலகு அகலம், நுனி நீளம். 16ஆம் நூற்றாண்டில் காலாட்படை பெருகியபோது, இடுப்பில் செருகி ஒரு கையால் உருவும் குட்டையான வாள் வந்தது. அப்புறம் 1661 முதல் 1673 வரையான கன்புன் ஆண்டுகளில் வளைவே ஏறக்குறைய இல்லாமல், நுனியை நோக்கி நன்றாக ஒடுங்கும் ஓர் உருவம் நாடு முழுக்கப் பரவியது. அக்காலத்தில் மூங்கில் வாள் கொண்டு நடந்த குத்துப் பயிற்சியின் பாதிப்பு அது என்று விளக்குவார்கள்.

இப்போது பெயரை எடுத்துப் பாருங்கள். 1300ஐ ஒட்டி வாழ்ந்த கொல்லரின் பெயர் வெட்டியிருக்கிறது, ஆனால் வாளின் உருவம் கன்புன் காலத்தது. ஓர் எழுத்தைக்கூட ஆராயாமல் அந்தப் பெயரை ஒதுக்கிவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மாறிவரும் போர்முறைக்கு ஏற்ப பழைய நீள வாள்களைப் பிற்காலத்தில் வெட்டிக் குட்டையாக்கினார்கள். இதற்கு சுரியாகே என்று பெயர். நுனியில் வெட்ட முடியாது, நுனியின் தோய்ச்சல் போய்விடும். நகாகோ பக்கம்தான் வெட்டுவார்கள். அலகின் அடிப்பகுதி புது நகாகோவாகிவிடும், பழைய நகாகோ துண்டாகிப் போகும், அதோடு செய்தவர் பெயரும் போகும். பெயர் போவதைப் பொறுக்காத சிலர், எழுத்துள்ள பகுதியைத் தகடாக வெட்டியெடுத்துப் புது நகாகோவில் பதித்தார்கள். வேறு சிலர் எழுத்துள்ள இரும்பை மெலிதாக்கி மறுபுறம் மடித்து அடித்தார்கள். அப்படி மடித்த பெயர் தலைகீழாக நிற்கும். தெரியாதவர் அதைப் பார்த்தால் ஏதோ தில்லுமுல்லு என்று நினைப்பார். அது ஒரு கொல்லர் இன்னொரு கொல்லரின் பெயரைக் காப்பாற்றிய அடையாளம்.

உருவத்துக்கு அடுத்தது இரும்பின் தோல். இரும்பு மணலையும் கரியையும் தத்தாரா என்னும் மண் உலையில் மூன்று நாள் இரவு பகலாக எரித்து எடுத்த எஃகைக் கொல்லர் அடித்து, மடித்து, மீண்டும் அடிக்கிறார். பத்து, பதினைந்து மடிப்பு போகும்போது அடுக்குகள் ஆயிரக்கணக்காகிவிடும். மெருகேற்றிய பிறகு அந்த அடுக்குகள் மரப்பலகையின் ரேகைபோல அலகின் மேல் தெரியும். எப்படி மடித்தார், எந்தப் பக்கம் அடித்தார் என்பதைப் பொறுத்து ரேகை மாறும். யாமாதோ கொல்லர்களுடையது பெரும்பாலும் வாளின் நீளத்துக்கு நேராக ஓடும். வடக்கே கஸ்ஸான் குடும்பத்தினருடையது ஒரே சீரான அலைகளாக நெளியும். கியூஷூ தீவின் ஹிசென் கொல்லர்களின் இரும்பு தவிடு தூவியதுபோல மிக நுணுக்கமாக இருக்கும். தவிடு என்ற அந்த உவமை அவர்களுடையதே.

பிறகு தோய்ச்சல். நம் ஊர்க் கொல்லர் அரிவாளின் வாய்ப்பக்கத்துக்குத் தோய்ச்சல் போடுவார் அல்லவா, அதே வேலையை ஜப்பானியக் கொல்லர் களிமண்ணை வைத்துச் செய்கிறார். முதுகுப் பக்கம் மண்ணைத் தடிப்பாகவும் வாய்ப்பக்கம் மெலிதாகவும் பூசி, உலையில் காய்ச்சி, தண்ணீரில் முக்குவார். மெலிதான இடம் சட்டென்று குளிர்ந்து கடினமாகும். தடிப்பான இடம் மெதுவாகக் குளிர்ந்து நெகிழ்வோடு நிற்கும். இரண்டுக்கும் நடுவே வெண்மையாக ஓர் எல்லைக்கோடு விழும். அதுதான் ஹாமோன். கோடு நேராகப் போகலாம், கிராம்புப் பூப்போலக் கொத்துக் கொத்தாக எழலாம், அலைபோலப் புரளலாம். கிட்டத்தில் வைத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அந்தக் கோடு சில வாள்களில் தனித்தனிப் பொடிகளாக மின்னும், வேறு சிலவற்றில் பனிமூட்டம்போலக் கலைந்து நிற்கும். பொடியை நிஏ என்றும் மூட்டத்தை நியோய் என்றும் சொல்கிறார்கள். காமாகுராவை ஒட்டிய சோஷூ கொல்லர்கள் நிஏயில் பேர்போனவர்கள். பிசென் கொல்லர்கள் நியோயில். மண் பூசும் கை ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. இந்த இடத்தில்தான் வட்டாரம், பள்ளி (ஒரே குருவழியில் வந்த கொல்லர் மரபு) என்பதைத் தாண்டித் தனி ஆளே தெரிய ஆரம்பிக்கிறார்.

இவ்வளவையும் பார்த்த பிறகுதான் நகாகோ. எனக்கு இந்த முழு விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். மெருகேற்றுபவர் அலகு முழுவதையும் தொடுவார், நகாகோவைத் தொட மாட்டார். செய்த நாளிலிருந்து அது தானாகத் துருவேறிக்கொண்டே வந்திருக்கும். ஐம்பது நூறு ஆண்டான நகாகோவில் துரு மேலாக, சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். முந்நூறு ஆண்டானால் நல்ல அடர் பழுப்பு. அதற்கும் பழையது கறுத்து, எண்ணெய் ஊறிய தேக்குபோல ஒரு வழவழப்போடு இருக்கும். துருவுக்கு அடியில் அரம் போட்ட கோடுகள் தெரியும். கைப்பிடிக்குள் நகாகோ வழுக்காமல் நிற்கக் கொல்லர் போட்ட கோடுகள் அவை. குறுக்காகப் போட்டவர்கள் உண்டு, சாய்வாகப் போட்டவர்கள் உண்டு, பருந்தின் இறகுபோல நடுவிலிருந்து இருபுறமும் சரியும்படி போட்டவர்கள் உண்டு. மினோ வட்டாரத்தில் இந்த இறகுக்கோடு அதிகம். ஒரு பள்ளியில் இந்த வழக்கம் தலைமுறை தலைமுறையாக மாறாது. பெயரை மட்டும் பார்த்து வெட்டிய போலிக்காரர் அரக்கோட்டின் சாய்வில் கோட்டை விடுவதுண்டு.

உளியின் தடம் இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டிய விஷயம். உளி இரும்பில் இறங்கும்போது தள்ளப்படும் இரும்பு, கோட்டின் இரு ஓரத்திலும் மெல்லிய வரப்பாக எழும்பும். பழைய உண்மையான பொறிப்பில், பல நூறு தடவை கைப்பிடியைக் கழற்றி மாட்டியதால் அந்த வரப்பு தேய்ந்து மழுங்கியிருக்கும். பள்ளத்துக்குள் உள்ள துருவும் வெளியே உள்ள துருவும் ஒரே நிறமாக இருக்கும். பின்னாளில் வெட்டிய எழுத்து பழைய துருவைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். மேலே மருந்து தடவிக் கறுப்பாக்கினாலும் பள்ளத்தின் அடியில் நிறம் ஒத்துவராது. கல்வெட்டில் பிற்காலத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் அதன் வெட்டு தனியாகத் தெரிவதுபோலத்தான் இது. கல்வெட்டுக்குப் படி எடுப்பதுபோல அவர்களும் நகாகோ மேல் மெல்லிய தாளை வைத்து மைக்கட்டியால் தேய்த்துப் படி எடுக்கிறார்கள். ஒஷிகாதா என்று பெயர். சந்தேகத்துக்கு இடமில்லாத வாள்களின் படிகள் நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. கையில் உள்ள எழுத்தை அந்தப் படியோடு கோடு கோடாக ஒப்பிடுவார்கள்.

எப்படி ஒப்பிடுகிறார்கள் என்பதற்கு அந்தக் கோதெட்சுவையே எடுத்துக்கொள்ளலாம். நாகாசோனே ஒகிசாதோ என்பது இயற்பெயர். முதலில் கவசம் செய்தவர். போர்கள் ஓய்ந்து கவசத்துக்கு வேலை இல்லாமல் போன காலத்தில், ஏறக்குறைய ஐம்பது வயதில், எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, வந்து வாள் செய்யத் தொடங்கினார். 1678இல் இறந்துவிட்டார் என்பதால், வாள் கொல்லராக அவர் வாழ்ந்தது இருபது ஆண்டுகள் சொச்சம்தான். அந்த இருபது ஆண்டிலும் அவர் தன் பெயரை ஒரே மாதிரி எழுதவில்லை. தொடக்கத்தில் ‘பழைய இரும்பு’ என்று பொருள்படும் எழுத்துகளில் எழுதினார். பிறகு அதே ஒலிப்புக்குப் ‘புலி’ என்ற எழுத்தைப் பிடித்துக்கொண்டார். முதலில் வந்த புலி எழுத்தின் கடைசிக் கோடு துள்ளி மேலே எழும்பும். அதனால் அதைத் ‘துள்ளும் புலி’ என்கிறார்கள். 1664இலிருந்து புலி சதுரமாக அடங்கிவிட்டது, அது ‘பெட்டிப் புலி’.

இதோடு நிற்கவில்லை. அவருடைய தோய்ச்சல் கோடும் மாறிக்கொண்டே போனது. துள்ளும் புலி காலத்தில் பெரிதும் சிறிதுமாகச் சுரைக்காய்போல எழும்பிய கோடு, பெட்டிப் புலி காலத்தில் ஜபமாலை மணிகளைக் கோத்ததுபோல ஒரே சீராக வந்தது. ஆகவே ஒரு கோதெட்சு வாளில் எழுத்து ஒரு காலத்தையும் தோய்ச்சல் இன்னொரு காலத்தையும் காட்டினால், எழுத்து எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் சந்தேகம் எழ வேண்டும். போலிக்காரர் எழுத்தைப் படியிலிருந்து பார்த்து வெட்டிவிடலாம். இரும்புக்குள் இருக்கும் தோய்ச்சலை அப்படி மாற்ற முடியாது. எடோ காலத்தின் இறுதியில் வாழ்ந்த காஜிஹேய் என்பவர் பொய்ப் பொறிப்பில் மகா கெட்டிக்காரர். தான் வெட்டிய பெயர்களின் படிகளையே ஒரு ஏடாக விட்டுப் போயிருக்கிறார். இன்று நிபுணர்களுக்கு அந்த ஏடு பேருதவி.

ஓசாகாவின் சுகேஹிரோ இன்னொருவர். கடல் அலை புரண்டு எழுவதுபோன்ற ஹாமோனைக் கொண்டுவந்தவர். 1674 வரை தன் பெயரைச் சதுர எழுத்தில் வெட்டிவந்தவர், அந்த ஆண்டில் வளைந்தோடும் கையெழுத்துக்கு மாறினார். 1682இல் இறக்கும்வரை அப்படியேதான். இந்த மாதிரிச் செய்திகள் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர்கள் பெயரோடு தேதியும் வெட்டியதுதான்.

தேதி படிப்பதும் தனிப் பழக்கம். நகாகோவின் மறுபக்கத்தில் அரச ஆண்டுப் பெயரும் அதில் எத்தனையாவது ஆண்டு என்பதும் இருக்கும். சோழர் கல்வெட்டில் ‘ராஜராஜ தேவர்க்கு யாண்டு’ என்று வருவதுபோல. ‘எய்ஷோ பத்தாம் ஆண்டு எட்டாம் மாதம் ஒரு நாள்’ என்றால் 1513. பெரும்பாலான வாள்களில் இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம்தான் வரும். நாட்டில் எல்லாக் கொல்லரும் அந்த இரண்டு மாதத்தில் மட்டும் வேலை செய்தார்கள் என்று பொருளல்ல, அப்படிப் பொறிப்பது மரபாகிவிட்டது. சில வாள்களில் நம் பிரபவ, விபவபோல அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் இருக்கும். அப்போது நம் சிக்கல்தான் அவர்களுக்கும், அறுபது ஆண்டு முன்னா பின்னா என்று உருவத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெயரிலும் நீளம் குறுக்கம் பார்க்க வேண்டும். பிசென் நாட்டில், இன்றைய ஒகாயாமா பகுதியில், ஓசாஃபுனே என்றொரு கொல்லர் ஊர். 16ஆம் நூற்றாண்டில் அங்கே சுகேசாதா என்ற பெயரில் பல பத்துப் பேர் வேலை செய்தார்கள். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த காலம், படைக்குக் கட்டுக்கட்டாக வாள் தேவைப்பட்டது. அப்படி அவசரத்தில் செய்தவற்றில் ‘பிஷூ ஓசாஃபுனே சுகேசாதா’ என்று சுருக்கமாக வெட்டி அனுப்பினார்கள். ஒருவர் தனியாகச் சொல்லிவைத்துச் செய்த வாளில் மட்டும் ‘பிசென் நாட்டில் வாழும் ஓசாஃபுனே யோசோசாஎமோன் நோ ஜோ சுகேசாதா’ என்று தனிப்பெயரோடு முழுமையாக வெட்டினார்கள். இரண்டிலும் சுகேசாதா என்ற எழுத்துகள் ஒன்றுதான். விலையிலும் தரத்திலும் இரண்டும் வேறு உலகம்.

சில பெயர்களில் ‘நோ காமி’ என்று வரும். நாட்டு ஆளுநர் என்று அதற்குப் பொருள். எச்சிசென் நோ காமி சுகேஹிரோ எச்சிசென் நாட்டை ஆண்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அரசவை வழங்கிய கௌரவப் பட்டம், அவ்வளவுதான்.

எந்தப் பக்கத்தில் பெயர் இருக்கிறது என்பதும் ஒரு சாட்சி. பழைய தாச்சி வாளை வெட்டுவாய் கீழே பார்க்கும்படி இடுப்பில் தொங்கவிட்டார்கள். பிற்காலக் கதானாவை வெட்டுவாய் மேலே பார்க்கும்படி கச்சையில் செருகினார்கள். இரண்டிலும் பெயர் வெட்டுவது உடம்பைத் தொடாத வெளிப்பக்கத்தில். வாள் திரும்பியதும் பெயரும் மறுபக்கம் போய்விட்டது. இதற்கு ஹிசென் நாட்டு ததாயோஷி பரம்பரை பெரிய விதிவிலக்கு. 17ஆம் நூற்றாண்டில் கதானா செய்துகொண்டே, பழைய தாச்சிக்குரிய பக்கத்தில் பெயரை வெட்டினார்கள். ஆகவே ததாயோஷி என்ற பெயர் ‘சரியான’ பக்கத்தில் இருக்கும் கதானா வந்தால், அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நகாகோவில் பெயர் தவிர வேறு செய்திகளும் கிடைக்கும். எச்சிசென் யாசுத்சுகு என்பவர் எடோ காலத்தின் முதல் ஷோகுனான தொக்குகாவா இயேயாசுவுக்காக வாள் செய்து, அவர் குடும்பச் சின்னமான மூவிலையைப் பொறிக்கும் உரிமை பெற்றவர். அவர் ‘நம்பன் இரும்பைக் கொண்டு’ என்றும் சேர்த்து வெட்டினார். நம்பன் என்றால் தெற்கிலிருந்து வந்த அன்னியர். போர்த்துகீசியர், டச்சுக்காரர் கப்பல்களில் வந்த எஃகு அது. இந்தியாவிலிருந்தும் வந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்த எழுத்து எந்தத் துறைமுகத்தையும் சொல்வதில்லை. ஆனாலும் நம் கடற்கரையில் டச்சுக்காரர் கோட்டை கட்டி வணிகம் செய்த அதே காலம் அது என்று நினைக்கும்போது, அந்தப் பொறிப்பை எளிதில் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

ஜப்பானுக்கு வெளியே இன்று வீடுகளில் இருக்கும் வாள்களில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரோடு வந்தவை. மலாயா, சிங்கப்பூர், பர்மா என்று 1945இல் ஜப்பானியப் படை சரணடைந்த இடங்களிலெல்லாம் அதிகாரிகள் தங்கள் வாளை ஒப்படைத்தார்கள். அவை நினைவுப் பொருளாகப் பல நாடுகளுக்குப் போயின. இவற்றில் பெரும்பாலானவை 1930களிலிருந்து படைக்காகச் செய்தவை. நகாகோவில் பெயருக்கு மேலே சின்னதாக ஒரு முத்திரை, ‘செக்கி’ என்றோ ‘ஷோவா’ என்றோ, அடித்திருந்தால் அது மரபு முறையில் செய்யாத வாள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நட்சத்திர முத்திரை இருந்தால் கதை வேறு, அது ராணுவம் ஒப்புக்கொண்ட கொல்லர் மரபு முறையில் செய்தது. வெள்ளை அல்லது சிவப்புச் சாயத்தில் எழுதிய எழுத்துகளைப் பார்த்துச் செய்தவர் பெயர் என்று மகிழ்பவர்கள் உண்டு. அவை உறையையும் கைப்பிடியையும் ஜோடி சேர்க்கத் தொழிற்சாலையில் போட்ட எண்கள்.

ஆனால் ராணுவக் கைப்பிடியைப் பார்த்ததும் உள்ளே இருப்பதும் ராணுவ வாள்தான் என்று முடிவு கட்டக் கூடாது. போருக்குப் போன அதிகாரிகள் பலர் குடும்பத்தில் இருந்த முந்நூறு, நானூறு ஆண்டுப் பழைய அலகை எடுத்துப் புதுக் கைப்பிடி போட்டுக்கொண்டு போனார்கள்.

சரி, பெயரே இல்லாவிட்டால்? அதுவும் பெருங்கொல்லர்களுக்கு வந்த நிலைதான். மாசாமுனே என்றால் ஜப்பானிய வாளின் மறுபெயர் என்று சொல்லலாம். பெயர் வெட்டிய அவருடைய வாள்களாக ஏற்கப்பட்டவை சில குறுவாள்கள் மட்டுமே. கோ யோஷிஹிரோ என்பவரின் பெயர் வெட்டிய வாள் ஒன்றுகூட இல்லை. “கோவையும் பேயையும் கண்டவர் இல்லை” என்று ஒரு சொல்வழக்கே உண்டு. இப்படிப்பட்ட வாள்களுக்குப் பெயர் சொன்னவர்கள் கியோத்தோவின் ஹோனாமி குடும்பத்தார். பல தலைமுறையாக மெருகேற்றுவதும் மதிப்பிடுவதும் அவர்கள் தொழில். குட்டையாக்கிப் பெயர் போன வாளை ஆராய்ந்து, இன்னார் செய்தது என்று நகாகோவில் தங்கத்தில் பதித்தார்கள். நகாகோ வெட்டுப்படாமல் பெயர் மட்டும் இல்லாதிருந்தால் சிவப்பு அரக்குச் சாயத்தில் எழுதினார்கள். மடித்த தாளில் சான்றும் கொடுத்தார்கள். அந்த மடித்த தாளுக்கு ஓரிகாமி என்று பெயர். தரம் உறுதியான எதையும் ‘ஓரிகாமி உள்ளது’ என்று ஜப்பானியர் இன்றும் சொல்வது இதிலிருந்து வந்தது. 1719இல் ஷோகுன் யோஷிமுனே கேட்டபோது நாட்டின் பெயர்பெற்ற வாள்களுக்குப் பட்டியல் தயாரித்ததும் இந்தக் குடும்பம்தான்.

தனி ஆள் பெயர் சொல்ல முடியாமல் பள்ளியோடு நின்றுவிடுவதும் உண்டு, அதில் இழிவு ஒன்றுமில்லை. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் உஎசுகி கென்ஷின் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் யாமாதோரிகே என்ற வாள் நாட்டின் தேசியச் செல்வங்களுள் ஒன்று. ஓசாஃபுனே அமைந்த செத்தோஉச்சி நகரம் மக்களிடம் நிதி திரட்டி, 50 கோடி யென் கொடுத்து அதை 2020இல் வாங்கியது. அதில் பெயர் கிடையாது. ஃபுகுஓகா இச்சிமோன்ஜி பள்ளியின் வேலை என்பதுவரைதான் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று இந்த வேலையை முதன்மையாகச் செய்வது 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம். தோக்கியோவின் ரியோகோகு பகுதியில் அவர்களுடைய வாள் அருங்காட்சியகம் இருக்கிறது. வாளை நேரில் கொடுத்தால் நிபுணர் குழு பார்த்துத் தரவரிசையோடு சான்று தரும். பெயர் பொய் என்று கண்டால் சான்று கிடையாது. அப்போது சில உரிமையாளர்கள் பொய்ப் பெயரை அரத்தால் எடுத்துவிட்டுப் பெயரில்லா வாளாகத் திரும்பக் கொண்டுபோகிறார்கள், அலகின் தகுதிக்குச் சான்றும் வாங்குகிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. இன்றைய நிபுணர் பொய் என்று சொன்னதை நாளைய நிபுணர் மாற்றிச் சொல்ல வாய்ப்புண்டு. அழித்த எழுத்தைத் திரும்ப வெட்ட முடியாது.

அதைவிடப் பெரிய அழிவு வீடுகளில் நடக்கிறது. தாத்தா கொண்டுவந்த வாள், எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். எழுத்து பளபளவென்று தெரியும். துரு சொல்லிவந்த காலமும், அரக்கோடும், உளிவரப்பும் அந்த அரைமணி நேரத்தில் போய்விடும். துருவைத் தொடாமல், பக்கவாட்டில் விளக்கை வைத்து, நகாகோவை நேராக நிறுத்திப் படம் எடுத்தாலே எழுத்து தெரியும். தெரியாவிட்டால் முகப்பவுடரைக் கொஞ்சம் தடவித் துடைத்தால் பள்ளங்களில் வெள்ளையாக நின்றுவிடும், பிறகு துடைத்து எடுத்துவிடலாம்.

ஹோன்ஜோ மாசாமுனே என்ற வாளை நினைத்தால் இந்தத் துரு எவ்வளவு பெரியது என்று புரியும். உஎசுகி படைத்தலைவர் ஹோன்ஜோ ஷிகேனாகா போரில் வென்றெடுத்தது, பிறகு தொக்குகாவா ஷோகுன்களின் கைக்கு வந்து தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1939இல் தேசியச் செல்வமாக அறிவித்தார்கள். போர் முடிந்து வாள்களை ஒப்படைக்கச் சொன்னபோது, 1945 டிசம்பரில் தொக்குகாவா குடும்பம் அதைத் தோக்கியோவின் மேஜிரோ காவல் நிலையத்தில் கொடுத்தது. அதற்குப் பிறகு அந்த வாள் எங்கே போனது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. குட்டையாக்கப்பட்ட வாள், பெயர் கிடையாது, அலகு சுமார் 65 சென்டிமீட்டர். எங்கோ ஒரு வீட்டுப் பரணில் அது இருந்தால், வைத்திருப்பவர் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்து, எழுத்து இல்லையே என்று திரும்ப மாட்டி வைத்திருப்பார். அதைக் கண்டுபிடிக்க நம்மிடம் இருப்பது பழைய படிகளில் பதிவான தோய்ச்சல் கோடும், நகாகோவின் உருவமும், முளைத் துளைகள் இருக்கும் இடமும்தான்.